சானல் கரைக்கு ஒரு பாதை: அரசுப் பணம் கேட்டு அலைகிறவர்களின் கேள்விகள்

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம். மொத்தம் 42 வீடு. வீடுகளுக்குக் கீழே வயல், வயலைத் தாண்டினால் சானல், அதாவது பாசனக் கால்வாய். சானல் கரையைப் பிடித்து நடந்தால் இருபது நிமிடத்தில் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் வந்துவிடும். ரோட்டு வழியாகப் போனால் நாலு கிலோமீட்டர் சுற்று. ஊருக்கும் கரைக்கும் நடுவில் இருந்தது 140 மீட்டர் வரப்பு, மழைக்காலத்தில் முழங்கால் சேறு. அந்த 140 மீட்டரைப் பாதையாக்க எங்களுக்கு நாலு வருடம் ஆனது.

அது முடிந்ததிலிருந்து பக்கத்து ஊர்களிலிருந்து போன் வருகிறது. ஆள் வேறு, ஊர் வேறு, ஆனால் சந்தேகம் மட்டும் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் வைத்திருக்கிறேன். நான் அரசு ஊழியன் இல்லை, வக்கீலும் இல்லை.

இந்த மாதிரி பாதை போட அரசாங்கத்துல தனியா திட்டம் உண்டா?

பாதைக்கென்றே ஒரு திட்டம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற நிதிகளில் எதற்குள் உங்கள் பாதை பொருந்தும் என்று பார்ப்பதுதான் வழி. ஊராட்சிக்கு வரும் மத்திய நிதிக்குழு மானியம், ஊரும் அரசும் பங்கு போட்டுச் செய்யும் நமக்கு நாமே திட்டம், எம்எல்ஏ தொகுதி நிதி, எம்பி தொகுதி நிதி, இந்த நாலும்தான் எங்கள் பக்கத்தில் சிறிய பாதைகளுக்கு உதவியிருக்கின்றன.

கேட்கத் தயங்கவும் வேண்டாம். அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரிய 29 பொருள்கள் உண்டு. அதில் 13-ஆவது சாலை, சிறுபாலம், பாலம், நீர்வழி முதலான போக்குவரத்து வழிகள். 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆவது பிரிவு, ஊர்ச் சாலைகளைப் போடுவதும் பராமரிப்பதும் ஊராட்சியின் கடமை என்கிறது. அதனால் மனுவில் ‘கருணை கூர்ந்து’ என்ற வார்த்தை இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

எதுகூட இணைக்கலாம்? சானல் கரை பொதுவழிதானா?

நம் மாவட்டத்தில் மிக நீளமான நடைவழி சானல் கரைகள்தான். பேச்சிப்பாறை அணை 1906-இல் வந்தது. அதையும் பெருஞ்சாணி அணையையும் வைத்து ஓடும் தோவாளை சானல், அனந்தனார், பட்டணங்கால், இரண்டு புத்தனார்கள் என்று எல்லாவற்றின் கரையிலும் சனங்கள் நடக்கிறார்கள். மாத்தூர் தொட்டிப் பாலத்தில் ஆள் நடந்து போகிறோமே, அதுவும் பட்டணங்கால் தண்ணீரை பறளியாற்றுக்கு மேலே கொண்டுபோகிற தொட்டிதான். கடற்கரைப் பக்கம் ஏவிஎம் கால்வாயின் கரை இருக்கிறது. சிவராத்திரிக்கு ஓடுகிற சிவாலய ஓட்டப் பாதை இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே தனிக் கேள்வி வருகிறது.

கரை நீர்வளத் துறையின் நிலம். அவர்கள் கணக்கில் அது சானலைப் பார்வையிடப் போகும் பாதை. நாம் நடப்பதை யாரும் தடுப்பதில்லை, ஆனால் அதில் ஒரு கல் வைக்கவும் அவர்கள் எழுத்து வேண்டும். காளிகேசம், மருந்துவாழ்மலை மாதிரி இடங்களில் வனத்துறை 2024-லிருந்து நடத்தும் மலையேற்றம் வேறு சமாச்சாரம். அது கட்டணம் கட்டி, முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போவது.

எவ்வளவு பைசா கிட்டும்?

இத்தனை ரூபாய் என்று யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. பொறியாளர் அளந்து எஸ்டிமேட் போடுகிறார். அந்தத் தொகைக்கு எந்த நிதியில் இடமிருக்கிறது என்று பிறகுதான் பார்க்கிறார்கள்.

எம்எல்ஏ தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்பி நிதி 5 கோடி. கேட்கப் பெரிய தொகை, ஆனால் ஒரு தொகுதி முழுவதும் வாயைத் திறந்து நிற்கும். நிதிக்குழு மானியத்தில் 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆவது நிதிக்குழுக் கணக்குப்படி 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டிருந்தது. மீதி 40 சதவீதத்தில்தான் பாதையெல்லாம் வந்தது, அதிலும் தெருவிளக்குக்காரர் வரிசையில் நின்றார். எங்களுக்குக் கைகொடுத்தது நமக்கு நாமே.

நமக்கு நாமே-ன்னா ஊர்ப் பங்கு எவ்வளவு? வேலையாச் செஞ்சு கழிச்சா போதாதா?

எஸ்டிமேட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஊர் தர வேண்டும், மீதியை அரசு போடும். எங்கள் எஸ்டிமேட் 7,20,000 ரூபாய். ஊர்ப் பங்கு 2,40,000. அதைப் பணமாகத்தான் கட்டினோம், வரைவோலை எடுத்து. நாலு பேர் மண் சுமந்ததை ரூபாயாகக் கணக்குக் காட்டலாம் என்ற எண்ணத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிடுங்கள்.

தருவது ஒருவராகவும் இருக்கலாம், சங்கமாகவும் இருக்கலாம், கம்பெனியாகவும் இருக்கலாம். எங்கள் ஊரில் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட முதலில் பார்த்தார்கள். நான் வேண்டாம் என்றேன். தனியாக இருக்கும் ஒரு பாட்டியிடமும் இரண்டு பிள்ளைகள் கல்ஃபில் இருக்கும் வீட்டிலும் ஒரே தொகை வாங்கினால் அந்தச் சண்டை பாதையை விட நீளமாகப் போகும். கல்ஃபிலிருந்து ஒரு பையன் 50,000 அனுப்பினான். அம்மன் கோயில் கமிட்டி ஒரு பங்கு, சர்ச் ஒரு பங்கு. மிச்சம் முடிந்தவர் முடிந்தது. அந்தப் பாட்டி 200 ரூபாயைச் சேலை முந்தியில் முடிந்து கொண்டுவந்து, “எழுதுடே, எனக்க பேரையும் எழுது” என்று நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஊர்ப் பங்கு பாதிக்கு மேல் இருந்தால், பணம் போட்டவர்களே வேலையைச் செய்யக் கேட்கலாம். அதற்குக் கீழே என்றால் டெண்டர்தான்.

நாங்க டவுன் பஞ்சாயத்து. எங்களுக்கு இது உண்டா?

உண்டு, கதவுதான் வேறு. வாழையும் ரப்பருமாக, பார்த்தால் அசல் கிராமமாக இருக்கும், ஆனால் போர்டில் பேரூராட்சி என்று எழுதியிருக்கும். நம் மாவட்டத்தின் விசேஷம் அது. 95 கிராம ஊராட்சிகள் என்றால் பேரூராட்சிகள் மட்டும் ஐம்பதுக்கு மேல். உங்கள் வீட்டு வரி ரசீதில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் மனு எழுதுங்கள். தப்பான அலுவலகத்துக்குப் போன மனு திரும்பி வர ஒரு மாதம் ஆகும், சில சமயம் வராது.

பேரூராட்சி என்றால் செயல் அலுவலரிடமும் கவுன்சிலரிடமும் கொடுக்க வேண்டும். நமக்கு நாமே அங்கேயும் இருக்கிறது, எம்எல்ஏ, எம்பி நிதியும் உண்டு. கிராம சபை, நிதிக்குழு மானியத்தில் ஊராட்சிக்கு வரும் பங்கு, நூறு நாள் வேலை, இவை மூன்றும் கிராம ஊராட்சிக்காரர்களுக்கு.

பிரசிடென்டே இல்லியே சார், யார்ட்ட குடுக்க?

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த நம் மாவட்ட ஊராட்சிகளில் தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, அவர்கள் இடத்தில் அரசு போட்ட தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் நாற்காலி காலியாக இருந்தாலும் ஊராட்சி என்ற அமைப்பு இருக்கிறது. தனி அலுவலர் பெயருக்குக் கொடுங்கள். ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்கள், இருப்பார்கள். வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிகளுக்கு ஒருவர். நமக்கு வேண்டியவர் இரண்டாமவர்.

கிராம சபையில் தீர்மானமாக ஏற்றிவிட்டால் இன்னும் நல்லது. வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்தில் பேசிவிட்டு வந்தால் போதாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிற வரைக்கும் பக்கத்தில் நில்லுங்கள், நகலும் கேளுங்கள்.

மனுவுல என்ன எழுதணும்?

எங்கள் முதல் மனு மூன்று பக்கம். சுதந்திரம் வாங்கி இத்தனை வருடம் ஆகியும், என்று தொடங்கி, கர்ப்பிணிகள், நோயாளிகள், மழலைகள் என்று கண்ணீர் வரும்படி எழுதியிருந்தோம். எழுதியவன் நான்தான். ஓவர்சியர் அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “சர்வே நம்பர் எங்க?”

இரண்டாவது மனு அரைப் பக்கம். பாதை எந்தப் புல எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது, எத்தனை மீட்டர், அதில் எவ்வளவு புறம்போக்கு, எவ்வளவு பட்டா. அப்புறம் ஆள் கணக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு நானும் பக்கத்து வீட்டுப் பையனும் வரப்பில் நின்று எண்ணினோம். ஒன்பது மணி வரைக்கும் 11 பேர் ரப்பர் வெட்டுக்குப் போனார்கள், 31 பள்ளிப் பிள்ளைகள், வேறு 19 பேர். பிள்ளைகளில் பாதிப் பேர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அந்தப் படத்தை மனுவோடு இணைத்தோம். அதற்கு மேல் விளக்கம் ஒன்றும் எழுதவில்லை.

அந்த வழி யாருக்க நிலம்னு எப்படிக் கண்டுபிடிக்க?

உண்மையில் இதுதான் முதல் கேள்வியாக வந்திருக்க வேண்டும். ஆனால் எல்லாரும் பணத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். எனக்குத் தெரிந்து பணம் கிடைக்காமல் நின்ற பாதையை விட, நிலம் யாருடையது என்று தெரியாமல் நின்ற பாதைதான் அதிகம்.

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும், எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று எழுதியிருக்கும் ‘அ’ பதிவேடும் இருக்கும். புல எண் தெரிந்தால் வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டாவும் புலப்பட வரைபடமும் நீங்களே எடுக்கலாம். ‘அ’ பதிவேட்டில் அந்த உட்பிரிவுக்கு நேரே பாதை, புறம்போக்கு என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் பழைய பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த பெரியவர் இன்னும் ஊரில் இருந்தால் இப்போதே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லை சொல்லும் இடத்தில் ‘இடவழி’ என்று ஒரு சொல் கிடந்தால், அங்கே முன்பு வழி இருந்ததற்கு அது ஒரு சாட்சி.

சர்வேயரைப் பணம் கட்டி அழைத்து அளந்தோம். நாங்கள் இத்தனை நாள் நடந்த வரப்பு பாதையே இல்லை! பாதைப் புறம்போக்கு எட்டடி தள்ளி, ஒருவரின் வாழைக்குள்ளே போனது. அவர் மனசறிந்து பிடித்ததில்லை, அவருடைய அப்பா காலத்தில் வரப்பு நகர்ந்திருக்கிறது. குலை வெட்டும் வரை பொறுங்கள் என்றார். பொறுத்தோம். 140 மீட்டரில் 80 மீட்டர் இப்படிக் கிடைத்தது. மீதி 60 மீட்டர் பட்டா நிலம்.

தனியார் நிலம்தான், ஆனா அவரு வாயால சம்மதிச்சாச்சு. போதாதா?

போதாது. எங்களுக்கு இரண்டு வருடம் போனது இங்கேதான்.

நிலத்துக்காரர் நல்ல மனிதர். தோளில் கை போட்டு, “நீ போட்டுக்கோ மக்கா, நானா தடுப்பேன்” என்றார். எழுதி வாங்குவது மரியாதைக் குறைவு என்று நானும் இருந்துவிட்டேன். எஸ்டிமேட் போட வந்த மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். பதினாறு முடிந்த மறுவாரம் வெளியூரிலிருந்து வந்த மகன் கம்பி வேலி போட்டார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அப்பா சொன்னது அவருக்குத் தெரியாது, காகிதத்தில் ஒன்றும் இல்லை.

பட்டா நிலத்தில் அரசுப் பணம் செலவாக வேண்டுமென்றால், அந்தத் துண்டை ஊராட்சியின் பெயருக்குத் தானமாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும். ஸ்டாம்பு பேப்பரில் கையெழுத்து, நோட்டரி முத்திரை இதெல்லாம் நம் மனத்திருப்திக்குத்தான். பதிவுக்கு முன் வில்லங்கம் பாருங்கள், வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்றும் பாருங்கள். எங்களுக்கு வேண்டியிருந்தது 60 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். மொத்தம் இரண்டேகால் சென்ட்கூட முழுசாக இல்லை. மகன் கடைசியில் ஒத்துக்கொண்டார், ஒரே நிபந்தனையோடு: அப்பா வைத்த பிலாமரத்தை வெட்டக் கூடாது. அதனால் எங்கள் பாதை அந்த இடத்தில் மட்டும் ஒரு வளைவு வளைந்து போகும். சீசனில் அந்த வளைவில் சுளை வாசம் அடிக்கும்.

அம்பது வருசமா அதுல நடக்குறோம். அது எங்க உரிமை இல்லியா?

உரிமையாக இருக்கலாம். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, யாரிடமும் அனுமதி கேட்காமல், வெளிப்படையாக, தடையில்லாமல் 20 வருடம் ஒரு வழியைப் பயன்படுத்தியிருந்தால் வழியுரிமை வரும். அரசு நிலம் என்றால் 30 வருடம். தடுத்தபிறகு சும்மா இருந்துவிட்டு ரொம்ப நாள் கழித்துக் கேட்டால் எடுபடாது, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

ஆனால் இரண்டையும் குழப்பாதீர்கள். நடக்கிற உரிமை வேறு, தளம் போடுகிற உரிமை வேறு. நடக்கலாம் என்று கோர்ட் சொன்னாலும் நிலம் அவருடையதாகவே இருக்கும். அதில் ஊராட்சி பணம் போடப் பொறியாளர் கையெழுத்துப் போட மாட்டார். அதோடு, வழக்குப் போட்ட அன்றிலிருந்து தானம் எழுதித் தரும் பேச்சு நின்றுபோகும். வேறு வழியே இல்லை என்றால் மட்டும் கோர்ட்டுக்குப் போங்கள்.

சானல் கரையில ஏறுற இடத்துல படி கட்டலாமா?

நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்கிவிட்டுக் கட்டலாம். கரையை வெட்டி வழி செய்ய ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது நியாயம்தான். கரையில் ஒரு மண்வெட்டி ஆழம் வெட்டினால் எங்கே உடையும் என்று பெய்கிற மழைக்குத்தான் தெரியும். கரைச் சரிவின்மேல் மண்ணைக் கூட்டி, அதன்மேல் படியோ சாய்தளமோ வைக்கிற மாதிரி வரைபடம் கொடுத்தால் சான்று சுலபமாக வரும்.

மாதத்தையும் கணக்குப் போடுங்கள். சானலில் பெரும்பாலும் ஜூனில் தண்ணீர் விட்டு, பிப்ரவரி, மார்ச் வாக்கில் அடைப்பார்கள். கரையோர வேலைக்குக் கிடைப்பது நடுவில் உள்ள இரண்டு மூன்று மாதம்தான். எங்கள் பணி ஆணை மே கடைசியில் வந்தது. அந்தத் தடவை சாய்தளம் கட்ட முடியாமல், பாதை வந்து கரைக்கு ஆறடி முன்னால் நின்றது. ஒரு மழைக்காலம் முழுக்க தென்னந்தடியைச் சாய்த்து வைத்து ஏறினோம்.

எவ்வளவு அகலம் வேணும்? இன்டர்லாக்கா, காங்கிரீட்டா?

அகலம் ஒன்றரை மீட்டர் போதும். ஒருவர் குடத்தோடு வர, எதிரே ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம். மூன்று மீட்டர் கேட்டால் நிலமும் இரட்டிப்பு, எஸ்டிமேட்டும் இரட்டிப்பு.

இன்டர்லாக் என்று நாம் சொல்வதை அரசு போர்டில் ‘அலங்கார தரைக்கற்கள்’ என்று எழுதுகிறார்கள். பெயருக்கேற்ப அலங்காரம்தான். வெயில் படும் தெருவில் நன்றாக இருக்கும். நமக்கோ தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. பிலாவும் தென்னையும் நிழல் போடும் இடத்தில் ஆறு மாதத்தில் பாசி பிடித்து வழுக்கும். வயலோரம் மண் இறங்கினால் கல் பல் மாதிரி ஆடும். நான் காங்கிரீட் பக்கம். மேல்பூச்சை வழுவழுப்பாகத் தேய்க்காமல், ஈரத்தில் துடைப்பத்தால் குறுக்கே வரி இழுக்கச் சொல்லுங்கள். வழுக்காது, செலவும் ஏறாது.

தளத்தை விட முக்கியம் பக்கச்சுவர். வயலை ஒட்டிப் போகும் பாதை பக்கச்சுவர் இல்லாமல் இரண்டு மழை தாங்காது. பணம் குறைந்தால் நீளத்தைக் குறையுங்கள், சுவரில் கை வைக்காதீர்கள். தண்ணீர் குறுக்கே போக வேண்டிய இடத்தில் குழாய் பதியுங்கள், இல்லையென்றால் மேல் வயல்காரர் ஒரு நாள் ராத்திரியில் கடப்பாரையோடு வந்து தானே வழி செய்துகொள்வார். சாய்தளத்துக்கு ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சக்கர நாற்காலிக்கான கணக்கு. இடம் இருந்தால் அதையே கேளுங்கள். வயதானவர்களுக்கும் பிள்ளை வண்டிக்கும் அது படியை விட நல்லது.

பைக் போகலாமா?

எங்கள் பாதையின் இரண்டு முனையிலும் நடுவில் ஒரு கல்தூண் நட்டிருக்கிறோம், சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு. பைக்கும் நுழையத்தான் செய்யும், ஆனால் வேகமாக நுழைய முடியாது. இளவட்டங்களுக்கு என்மேல் கோபம்.

நூறு நாள் வேலைல சேர்த்தா சீக்கிரம் முடியாதா?

நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்று விகிதம் வைத்திருந்தது. காங்கிரீட் பாதை என்பது சிமெண்டும் ஜல்லியும் கம்பியும், கூலி அதில் கொஞ்சம்தான். எங்கள் பாதைக்கு வரப்பை அகலப்படுத்தி மண் நிரப்பியது மட்டும் அதில் நடந்தது. அந்த வேலையை நம் பெண்கள் எட்டு நாளில் முடித்தார்கள்.

நாங்க காணிக்காரங்க. காட்டுக்குள்ள வழி. ஃபாரஸ்ட் விடுமா?

தோட்டமலை, தச்சமலை, மோதிரமலைப் பக்கத்துக் காணிப் பழங்குடியினரிடமிருந்து இந்தக் கேள்வி வருகிறது. விடச் சொல்லிச் சட்டமே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவில், காட்டில் வாழ்கிறவர்களுக்காக அரசு செய்து தரக்கூடிய 13 வசதிகள் சொல்லியிருக்கிறது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர் என்ற வரிசையில் சாலையும் உண்டு. நிபந்தனை மூன்று: ஒவ்வொரு வேலைக்கும் எடுக்கும் வனநிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் பாதை என்றால் ஆறு கிலோமீட்டர் போட்டாலும் ஒரு ஹெக்டேரைத் தாண்டாது. சாலை என்று கேட்டு நின்றுபோன இடத்தில் நடைபாதை என்று கேட்டால் காரியம் நடக்க வாய்ப்பு அதிகம். ஆம்புலன்ஸ் வராதே என்று கேட்பீர்கள். வராதுதான். ஆனால் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களின் கால் வழுக்காது.

அனுமதிக்குப் படிவம் நிரப்பி மாவட்ட வன அலுவலருக்குப் போக வேண்டும். இந்த அனுமதி நிலத்துக்குத்தான், பணத்துக்கு இல்லை. பணத்தை முதல் கேள்வியில் சொன்ன இடங்களில்தான் தேட வேண்டும். எம்பி நிதியில் பழங்குடியினர் வாழும் பகுதிக்கு 7.5 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்பதை மனுவில் எடுத்துச் சொல்லுங்கள். பிஎம்-ஜன்மன் திட்டத்தைப் பலர் கேட்கிறார்கள். அது மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று பட்டியலிட்ட சமூகங்களுக்கு. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பேர்தான் அதில், காணிக்காரர் இல்லை.

சிவாலய ஓட்டம் போற வழி எங்க ஊர்ல வருது. அதைச் சொல்லிக் கேக்கலாமா?

சொல்லலாம், ஆனால் அதை மட்டும் சொல்லாதீர்கள். முஞ்சிறை திருமலையில் தொடங்கி நட்டாலம் வரை பன்னிரண்டு கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த வழி முழுக்க ஒருவருக்குச் சொந்தமில்லை. கொஞ்சம் நெடுஞ்சாலைத் துறை, கொஞ்சம் ஒன்றியம், கொஞ்சம் ஊராட்சி, சில இடத்தில் சானல் கரை, சில இடத்தில் யாரோ ஒருவருடைய விளை. உங்கள் ஊரில் வரும் துண்டு எதில் சேர்த்தி என்று பார்த்து அந்தக் கதவைத் தட்ட வேண்டும். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறையின் அனுமதியும் சேரும்.

வருடத்தில் ஒரு ராத்திரி காவி கட்டி விசிறியோடு ‘கோவிந்தா, கோபாலா’ என்று ஓடுகிறவர்களை வைத்துக் கேட்டால், அந்த ஒரு ராத்திரிக்கு லைட் போட்டுவிட்டுப் போவார்கள். மீதி 364 நாள் நடக்கிற உங்கள் ஆட்களை எண்ணிக் கொடுங்கள்.

எஸ்டிமேட் போட்டு ஒரு வருசமாச்சு. ஒண்ணும் அசையல.

எஸ்டிமேட்டுக்கு அப்புறம் தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று வரிசை இருக்கிறது. எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ‘மேலே போயிருக்கு’ என்று சொன்னால் எந்த மேலே, எந்தத் தேதி, என்ன எண் என்று கேளுங்கள். சொல்லவில்லையென்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு, 30 நாளில் பதில். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் இருக்கிறது, 1100 என்ற முதல்வர் உதவி எண் இருக்கிறது. எங்கள் கோப்பு ஒரு அலுவலகத்தில் தொலைந்தே போனது. ஒப்புகைச் சீட்டு கையில் இருந்ததால் நகலைக் கொடுத்து மறுபடி தொடங்க முடிந்தது. சீட்டு இல்லாமல் மனுவைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

காண்ட்ராக்டர் வேலையை ஒப்பேத்துறாரு. நாம போய்க் கேக்கலாமா?

கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் தகவல் என்றால் காகிதம் மட்டும் இல்லை. இரண்டாவது பிரிவில் இருக்கிறது: நடக்கிற வேலையைப் பார்வையிடவும், பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும் உரிமை உண்டு. எஸ்டிமேட்டின் நகலையும், முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகலையும் வாங்கி வைத்தால் டேப்பைப் பிடித்து நீங்களே ஒப்பிடலாம். தளம் ஆறு அங்குலம் என்று எழுதியிருந்தால் ஓரத்தில் ஸ்கேலை வைத்தாலே தெரிந்துவிடும்.

கூட்டமாகப் போய்க் கத்த வேண்டாம். எங்கள் ஊரில் தினமும் இரண்டு பேர் முறை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், காண்ட்ராக்டரின் ஆட்களுக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்துக்கொண்டு. சிமெண்ட் மூட்டையை எண்ணியதும் அவர்கள்தான்.

எல்லாம் முடிஞ்சபிறகு நிலத்துக்காரர் கேட் போட்டுப் பூட்டினா?

தானப் பத்திரம் பதிவாகி, உட்பிரிவு செய்து, ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் பாதை ஏறியிருந்தால் அது பொதுச் சாலை. அவர் பூட்டுவது ஊராட்சியின் சொத்தை. ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டியது ஊராட்சியின் வேலை, நீங்கள் பூட்டை உடைக்கப் போக வேண்டாம். பத்திர எண்ணோடு தனி அலுவலருக்கோ தலைவருக்கோ மனு கொடுங்கள், நகலைத் தாசில்தாருக்கு அனுப்புங்கள். பதிவேட்டில் ஏறியதா என்று வேலை முடிந்த மாதமே பார்த்துவிடுவது நல்லது. பிறகு பராமரிப்புக்குப் பணம் கேட்கவும் அந்த வரிதான் ஆதாரம்.

பத்திரம் இல்லாமல்தான் பாதை போட்டீர்கள் என்றால், வாய்ச் சம்மதத்தைப் பற்றி மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, ஒரு கிலோ பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள்.